கற்றை எவ்வளவு விரிகிறது? ஒரு சிவப்புக் கோட்டின் அகலத்தைப் பாகம் பிரிக்கும் முறை

போன மாசியில் பாலக்கோட்டுப் பக்கம் எங்கள் வீட்டுத் திண்ணையில் புளி உடைத்துக்கொண்டிருந்தோம். அண்ணன் மகள் மடிக்கணினியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். எம்.எஸ்சி இயற்பியல், கடைசி செமஸ்டர். எதிர்மின் அயனிக் கற்றையின் ஒளியைப் பகுத்துப் பார்ப்பதுதான் அவள் புராஜெக்ட். நான் சில வருடம் அந்த வேலையில் இருந்தவள் என்பதால் தைரியமாக எடுத்துவிட்டாள்.

"அத்தை, நீங்க கொடுத்த ஃபைல்ல இந்த உச்சியோட அகலத்தை எடுத்துக் கோணமா மாத்தினேன். 15 மில்லிரேடியன் வருது. சரிதானே?"

"இல்ல கண்ணு. அந்த அகலம் முழுக்கக் கற்றைக்கே சொந்தம்னு உனக்கு யார் சொன்னது?"

அந்த ஃபைல் நானே கணினியில் உண்டாக்கிய பயிற்சி நிறமாலை. உள்ளே எவ்வளவு விரிவு வைத்தேன் என்பது எனக்குத் தெரியும், 15 வைக்கவில்லை. புளி உடைத்து முடிய மூன்று நாள் ஆனது. அந்த மூன்று நாளில் அவளுக்குச் சொன்னதைத்தான் வரிசைப்படுத்தி இங்கே எழுதுகிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கும் உதவும்.

எதற்கு இந்தப் பாடு

அணுக்கரு இணைவுக்கு, பிரான்சில் பல நாடுகள் சேர்ந்து கட்டும் ஐட்டர் போன்ற டோகாமாக்கில் (காந்தப்புலத்தால் பிளாஸ்மாவை அடைத்து வைக்கும் வளையக் கலம்) பிளாஸ்மாவை 15 கோடி டிகிரி வரை சூடேற்ற வேண்டும். வேகமான அணுக்களை வெளியிலிருந்து உள்ளே செலுத்துவது அதற்கு ஒரு வழி. மின்னூட்டம் உள்ள துகளைக் காந்தப்புலம் உள்ளே விடாது. அதனால் முதலில் அயனியாக வைத்து மின்னழுத்தத்தால் முடுக்கி, அப்புறம் மின்னூட்டத்தைக் கழற்றிவிட்டு, நடுநிலை அணுவாக அனுப்புகிறார்கள்.

நேர்மின் அயனி நடுநிலையாக வேண்டுமென்றால் போகிற வேகத்தில் எங்கிருந்தாவது ஓர் எலக்ட்ரானைப் பிடிக்க வேண்டும். ஓடுகிற பஸ்ஸில் ஆளை ஏற்றுகிற மாதிரி. வேகம் கூடக் கூட நடக்காது. எதிர்மின் அயனியில் கதை வேறு. அதில் கூடுதல் எலக்ட்ரான் படிக்கட்டில் தொங்குகிறது. அதன் பிடி வெறும் 0.75 எலக்ட்ரான்வோல்ட். கொஞ்சம் வாயுவைக் குறுக்கே விட்டால் போதும், உதிர்ந்துவிடும். 10 லட்சம் எலக்ட்ரான்வோல்ட்டில்கூட ஏறக்குறைய 60% அயனிகள் நடுநிலையாகிவிடுகின்றன. ஐட்டரின் சூடேற்றும் கருவிகள் இப்படித்தான் வடிவமைக்கப்பட்டிருக்கின்றன: ஒவ்வொன்றிலும் 10 லட்சம் எலக்ட்ரான்வோல்ட் டியூட்டீரியம், 40 ஆம்பியர் அயனி மின்னோட்டம், பிளாஸ்மாவுக்குள் போய்ச் சேர வேண்டியது 16.5 மெகாவாட், ஒரே மூச்சில் 3,600 விநாடி வரை. அயனிகள் பிறக்கும் மூலத்தில் 1,280 துளைகள், துளைக்கு ஒரு சிறு கற்றை. இதற்கான சோதனைகள் இத்தாலியின் பதுவாவிலும் ஜெர்மனியின் கார்ஹிங்கிலும் நடக்கின்றன. நம் காந்திநகரில் ராபின் என்ற சோதனைக் கருவி இருக்கிறது. ஐட்டருக்கு இந்தியா தரவேண்டிய, பிளாஸ்மாவை அளந்து பார்ப்பதற்கான கற்றையும் எதிர்மின் அயனிதான்: 1 லட்சம் எலக்ட்ரான்வோல்ட், 60 ஆம்பியர் ஹைட்ரஜன்.

மூலத்திலிருந்து பிளாஸ்மா வரை சுமார் 25 மீட்டர். கற்றை 7 மில்லிரேடியன் விரிந்தால் அங்கே போய்ச் சேரும்போது 17.5 சென்டிமீட்டர் அகன்றிருக்கும். ஐட்டர் கேட்கிற எல்லை அந்த 7தான். 1 டிகிரி, அதாவது 17 மில்லிரேடியன் விரிந்தால் 44 சென்டிமீட்டர். மிஞ்சுவது வழியில் உள்ள சுவர்களைச் சுடும். ஆகவே 15-ஆ 10-ஆ என்பது இங்கே சின்ன வித்தியாசம் இல்லை.

ஒளி எங்கிருந்து வருகிறது

முடுக்கியைத் தாண்டிய பிறகு வெற்றிடக் கலத்தில் கொஞ்சம் ஹைட்ரஜன் வாயு மிச்சம் இருக்கும். வேகமான அணு அதில் மோதும்போது தானே கிளர்ந்து, எச்-ஆல்ஃபா என்கிற சிவப்பு ஒளியை விடுகிறது. நின்ற இடத்தில் நிற்கிற அணு விட்டால் அது 656.28 நானோமீட்டர். நம் அணு ஓடிக்கொண்டே விடுகிறது, அதனால் டாப்ளர் பெயர்ச்சி. கற்றை நம்மை நோக்கி வருகிற மாதிரி லென்ஸை வைத்தால் கோடு நீலப் பக்கம் நகரும். நம்மை விட்டுப் போகிற மாதிரி வைத்தால் சிவப்புப் பக்கம்.

டாப்ளருக்கு லாரி ஹாரனைத்தான் எல்லோரும் சொல்வார்கள். தொப்பூர் கணவாயில் ரோட்டோரம் நின்று கேட்டவர்களுக்கு இன்னொன்றும் தெரிந்திருக்கும். லாரி தூரத்தில் வரும்போது சுருதி ஏறியே இருக்கும். நமக்கு நேர் பக்கவாட்டில் வருகிற அந்தக் கணம் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. லாரியின் வேகம் மாறவில்லை. நாம் பார்க்கிற கோணம்தான் மாறுகிறது. இந்த வேலையில் பாதித் தலைவலி அந்தக் கோணம்தான்.

கணக்கு இவ்வளவுதான்: பெயர்ச்சி = 656.28 × (அணுவின் வேகம் ÷ ஒளியின் வேகம்) × கோணத்தின் கொசைன். 50 கிலோ எலக்ட்ரான்வோல்ட் ஹைட்ரஜனுக்கு வேக விகிதம் 0.01032. கற்றைக்கும் பார்வைக் கோட்டுக்கும் 60 டிகிரி என்றால் பெயர்ச்சி 3.39 நானோமீட்டர். சார்பியல் திருத்தம் 0.035 எதிர்ப்பக்கம் இழுக்கும். சின்னதுதானே என்று விட்டுவிடாதீர்கள், நாம் தேடுகிற விரிவே அந்த அளவில்தான் இருக்கிறது. ஆக, உச்சி 652.93-ல் நிற்க வேண்டும்.

இங்கே 50 என்பது மொத்த மின்னழுத்தம். இழுக்கும் தட்டுக்கு 9 கிலோவோல்ட், முடுக்கும் தட்டுக்கு 41 கிலோவோல்ட் என்று இரண்டு மின்வழங்கி இருக்கும். என் அண்ணன் மகள் முதலில் 41 மட்டும் போட்டுவிட்டு, "கோடு தப்பான இடத்துல நிக்குது அத்தை" என்றாள். கோடு சரியான இடத்தில்தான் நின்றது.

முதலில் நியான், அப்புறம்தான் கற்றை

கற்றையை இயக்குவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது: நம் கருவி ஒரு மெல்லிய கோட்டை எவ்வளவு தடிமனாகக் காட்டுகிறது என்று பார்ப்பது. அதற்கு நியான் விளக்கு போதும். நியானுக்கு 650.65, 653.29, 659.90 நானோமீட்டரில் கோடுகள் உண்டு. 653.29 நம் உச்சிக்கு அடுத்த வீடு மாதிரி. இதைவிட வசதியான அளவுகோலை யாரும் செய்து தரப்போவதில்லை.

நியான் விளக்குக்கு எங்கே போவது என்று யோசிக்க வேண்டாம். எலக்ட்ரீஷியன் சட்டைப் பையில் இருக்கும் டெஸ்டருக்குள் எரிவது அதுதான். பழைய சுவிட்ச் பெட்டிகளில் இண்டிகேட்டராக இருப்பதும் அதுதான். கல்லூரி லேபில் பழகிப் பார் என்று அனுப்பினேன். திரும்பி வந்து, "கோடே இல்ல அத்தை, பட்டையா சிவப்பாத்தான் தெரியுது" என்றாள். அந்த இண்டிகேட்டர் புதியது, உள்ளே எல்இடி. எல்இடி கோடாக எரியாது, மேடாக எரியும். அடுத்த நாள் தாத்தாவின் பழைய மோட்டார் பெட்டியில் இருந்த இண்டிகேட்டரை ரெசிஸ்டரோடு கழற்றிக்கொண்டு போனாள், வரிசையாகக் கோடுகள் கிடைத்தன. ஒரு எச்சரிக்கை: ரெசிஸ்டர் இல்லாமல் நியான் பல்பை நேராக 230 வோல்ட்டில் கொடுத்தால் வெடித்துவிடும்.

கல்லூரி லேபில் இன்னொரு வேடிக்கையும் பார்க்கலாம். ஒளியை நிறம் நிறமாகப் பிரிக்க அங்கே வழக்கமாக இருக்கும் கிரேட்டிங் அங்குலத்துக்கு 15,000 கோடு. ஹைட்ரஜன் குழாயின் சிவப்புக் கோடு அதில் சுமார் 22.8 டிகிரியில் வரும். நம் 3.35 நானோமீட்டர் பெயர்ச்சி அந்த ஸ்பெக்ட்ரோமீட்டரில் 7 நிமிடக் கோணம். வெர்னியர் 1 நிமிடம் காட்டும். அதாவது, ஒளி போதுமான அளவு இருந்தால், பெரிய சோதனைக் கூடத்துக் கற்றையின் வேகத்தை நம் ஊர் பி.எஸ்சி லேப் கருவியிலேயே அளந்துவிடலாம். விரிவை முடியாது. உச்சியின் அகலம் 0.15 நானோமீட்டர், அது ஒரு நிமிடத்தில் மூன்றில் ஒரு பங்கு. இதை அவள் தன் கையால் ஸ்க்ரூவைத் திருப்பிப் பார்த்த பிறகுதான், கற்றையின் ஒளியைப் பகுக்க எதற்கு முக்கால் மீட்டர் நீளக் கருவி என்று கேட்பதை நிறுத்தினாள்.

அந்த முக்கால் மீட்டர் கருவியில் மில்லிமீட்டருக்கு 1,200 கோடு கிரேட்டிங் போட்டால் கேமராவின் ஒவ்வொரு 13 மைக்ரான் புள்ளியும் சுமார் 0.013 நானோமீட்டர். 2,400 போட்டால் 0.0045. இரண்டாவதுதான் நல்லது என்று தோன்றும். ஆனால் 1,024 புள்ளி உள்ள கேமராவில் அப்போது தெரிவது மொத்தம் நாலரை நானோமீட்டர்தான். பெயர்ந்த உச்சியும், நிற்கிற வாயு 656.28-ல் விடும் பெயராத உச்சியும் ஒரே படத்தில் நெருக்கியடித்துத்தான் உட்காரும், நியான் கோடுகளில் ஒன்றுதான் உள்ளே வரும். நான் என்றால் 1,200 போட்டு, ஒளி நுழையும் பிளவான ஸ்லிட்டைக் குறுக்கி வைத்துக்கொள்வேன்.

நியானை எங்கே வைப்பது என்பதிலும் விஷயம் இருக்கிறது. ஸ்லிட்டுக்கு முன்னால் நேராகப் பிடிக்காதீர்கள். கற்றையின் ஒளி லென்ஸ் வழியாக, ஃபைபர் வழியாகத்தான் வருகிறது. நியானும் அதே வழியில் வரட்டும். லென்ஸுக்கு முன்னால், ஒளி லென்ஸ் முழுவதையும் நிரப்புகிற மாதிரி வையுங்கள். வழி மாறினால் அகலமும் மாறும். ஸ்லிட்டை யாராவது தொட்டிருந்தால், அது நீங்களாகவே இருந்தாலும், நியானைத் திரும்ப எடுக்க வேண்டும்.

பாகப்பிரிவினை

இப்போது கற்றையின் படம். முதலில் அதிலிருந்து இரண்டு படங்களைக் கழிக்க வேண்டும்: ஒளி எதுவும் இல்லாமல் எடுத்த இருட்டுப் படம், மூலத்தில் பிளாஸ்மா எரிந்து கற்றை மட்டும் இழுக்காமல் எடுத்த படம். இரண்டாவதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். மூலத்தின் சிவப்பு வெளிச்சம் கலத்தின் சுவரில் பட்டுத் திரும்பி 656.28-ல் வந்து குந்திக்கொள்ளும். அதைக் கழிக்காவிட்டால் பெயராத உச்சி தன் தகுதிக்கு மேல் உயரமாகத் தெரியும்.

கழித்த பிறகு உச்சியின் மையத்தை முதலில் பாருங்கள், அகலத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். மின்னழுத்தம் நமக்குத் தெரியும். ஆகவே மையம் கோணத்தைச் சொல்லிவிடும். 652.93-ல் நிற்க வேண்டியது 652.83-ல் நின்றால் உங்கள் 60 டிகிரி உண்மையில் 59 டிகிரி. டேப் வைத்து அளந்து வரைபடத்தில் எழுதிய கோணத்தை விட இதை நம்புவேன். ஒன்று மட்டும்: கற்றையே ஒரு பக்கம் சாய்ந்திருந்தாலும் இதே மாற்றம் வரும். ஒரே பார்வைக் கோட்டை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொரு லென்ஸ் பார்த்தால் பிரிக்கலாம்.

அப்புறம் அகலம். சொத்துப் பாகம் பிரிக்கிற மாதிரிதான் இது. கற்றை மூத்த மகன், எல்லாம் எனக்கே என்று நிற்கும். மற்றவர்களுக்குச் சேர வேண்டியதை முதலில் எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தைத்தான் அதற்குத் தர வேண்டும். இதில் ஒரு விசேஷம், பங்குகள் நேராகக் கூட்டப்படுவதில்லை, வர்க்கமாகக் கூட்டப்படுகின்றன. அதனால் சின்னப் பங்காளிகள் கணக்கில் கிட்டத்தட்டக் காணாமல் போய்விடுவார்கள். பெரிய பங்காளி ஒருவனை விட்டுவிட்டால்தான் மொத்தமும் கெடும்.

பயிற்சி ஃபைலையே எடுத்துக்கொள்கிறேன். எல்லாம் பாதி உயரத்து அகலம், நானோமீட்டரில். அளந்த உச்சி 0.150. நியான் காட்டிய கருவி அகலம் 0.060. எச்-ஆல்ஃபா உண்மையில் ஒற்றைக் கோடு இல்லை, 0.015 அளவு தள்ளி நிற்கும் நுண்கோடுகளின் கூட்டம், அதற்கு 0.020 ஒதுக்கினேன். மின்னழுத்தம் அரை சதவீதம் ஆடினால் பெயர்ச்சி கால் சதவீதம் ஆடும், அதற்கும் 0.020. அடுத்தது லென்ஸ். அவள் மறந்தது அதைத்தான்.

லென்ஸ் 25 மில்லிமீட்டர் விட்டம், கற்றையிலிருந்து 1 மீட்டர் தூரம், ஃபைபரின் பிம்பம் கற்றை மேல் விழும்படி குவித்திருக்கிறது. லென்ஸின் இடது ஓரத்தில் நுழையும் ஒளியும் வலது ஓரத்தில் நுழையும் ஒளியும் கற்றையை வேறு வேறு கோணத்தில் பார்க்கின்றன. இரண்டுக்கும் வித்தியாசம் 25 மில்லிரேடியன். நாம் அளக்கப் போவதே பத்துப் பன்னிரண்டு மில்லிரேடியன்! வட்டத்தின் சராசரியைச் சரியாகக் கணக்கிட்டால் லென்ஸின் பங்கு 0.086 நானோமீட்டர். கருவியின் பங்கைவிட அதிகம்.

இனி வர்க்கங்கள். 0.150-இன் வர்க்கம் 0.0225. மற்ற நால்வரின் வர்க்கங்களைக் கூட்டினால் 0.0118. மிச்சம் 0.0107, அதன் வர்க்கமூலம் 0.103. இதை 1.665-ஆல் வகுத்தால் வழக்கமாகச் சொல்லும் விரிவின் அகலம் (மையத்திலிருந்து உயரம் 1/e-ஆகக் குறையும் இடம் வரை) வரும்: 0.062. கடைசியாக 656.28 × 0.01032 × 60 டிகிரியின் சைன், அதாவது 5.87-ஆல் வகுக்க வேண்டும். விடை 0.0106 ரேடியன், 10.6 மில்லிரேடியன். எதையும் கழிக்காமல் போட்டால் 15.3. லென்ஸை மட்டும் மறந்தால் 13.8. ஒரே உச்சி, மூன்று விடை. நான் உள்ளே வைத்திருந்தது 10.5.

"அப்ப லென்ஸை மூடி வெச்சுட்டா என்ன?" என்றாள். நல்ல கேள்வி. லென்ஸின் திறப்பைச் சுருக்கும் ஐரிஸை 10 மில்லிமீட்டருக்குச் சுருக்கினால் லென்ஸின் பங்கு 0.035-ஆகக் குறைந்துவிடும். ஒளியும் ஆறில் ஒரு பங்காகிவிடும். இன்னொரு வழி, ஃபைபர் முனையை லென்ஸின் குவியத் தூரத்திலேயே வைத்துவிடுவது. அப்போது ஃபைபரின் ஒவ்வொரு புள்ளியும் இணையான கதிர்களை மட்டும் வாங்கும். லென்ஸின் விட்டம் கணக்கிலிருந்தே போய்விடும். கோணச் சிதறலை முடிவு செய்வது ஃபைபரின் தடிமன்தான். 400 மைக்ரான் ஃபைபர், 50 மில்லிமீட்டர் குவியத் தூரம் என்றால் ஓரத்துக்கு ஓரம் 8 மில்லிரேடியன். கற்றையில் எந்த இடத்தைப் பார்க்கிறோம் என்பது கொஞ்சம் மங்கும், பரவாயில்லை. வாய்ப்பு இருந்தால் இந்த இரண்டாவது வழியையே எடுங்கள்.

நான் பட்டது

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம், நானே விழுந்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். சிக்னல் குறைவாக இருக்கிறது என்று லென்ஸை முன்னே நகர்த்திக் கற்றை மேல் குவித்தேன். வெளிச்சம் நன்றாக ஏறியது, எனக்குச் சந்தோஷம். அன்றிலிருந்து விரிவு மூன்று நான்கு மில்லிரேடியன் கூடுதலாகவே வந்தது. முடுக்கிக் குழுவினர் இரண்டு வாரம் தட்டு மின்னழுத்தங்களை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். சீசியம் போதவில்லையோ என்று அடுப்புச் சூட்டை ஏற்றினார்கள். எதற்கும் அது இறங்கவில்லை.

சீசியம் எதற்கு என்று ஒரு வரி: மூலத்தின் முன்தட்டில் மெல்லிதாகப் படிந்தால் உலோகம் எலக்ட்ரானைச் சுலபமாகக் கொடுக்கும், எதிர்மின் அயனி நிறையப் பிறக்கும். அதன் 852 நானோமீட்டர் கோட்டைத் தனியாகக் கண்காணிப்பார்கள்.

கடைசியில் ஒருவர் சாப்பாட்டு வேளையில், "நீ எதையாவது மாத்தினியா?" என்று சாதாரணமாகக் கேட்டார். லென்ஸை நகர்த்திய தேதி என் நோட்டில் இல்லை. நினைவில்தான் இருந்தது. சொல்லிவிட்டேன். யாரும் திட்டவில்லை, அதுதான் அதிகமாகச் சுட்டது.

இதே மாதிரி ஏமாற்றுகிற இன்னொன்று உண்டு. இழுக்கும் தட்டில், கூட வரும் எலக்ட்ரான்களைத் தள்ளிவிட நிலைக்காந்தங்கள் பதித்திருப்பார்கள். அவை அயனிகளையும் லேசாகத் தள்ளும்: ஒரு வரிசைத் துளைகளின் சிறு கற்றைகள் இடப்பக்கம், அடுத்த வரிசை வலப்பக்கம். உங்கள் பார்வைக் கோடு இரண்டு வரிசையையும் சேர்த்துப் பார்த்தால் இரண்டு உச்சிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, ஒரே பருத்த உச்சியாகத் தெரியும். ஒவ்வொரு சிறு கற்றையும் ஒல்லியாகத்தான் இருக்கும். உச்சியின் தலை தட்டையாக இருந்தால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.

நடுவில் இருக்கும் மேடு

656.28-க்கும் 652.93-க்கும் நடுவில் தாழ்வாக ஒரு மேடு ஓடும். முதலில் பார்க்கிறவர்கள் இரைச்சல் என்று வெட்டி எறிந்துவிடுவார்கள். புளியில் ஓட்டையும் கொட்டையையும் எடுத்துவிட்டு நாரை அப்படியே விட்டால் பாட்டி விடமாட்டார். இதுவும் அந்த நார்தான்.

எலக்ட்ரானின் பிடி தளர்வு என்று சொன்னேன் இல்லையா, அதன் விலை இது. முடுக்கிக்குள்ளேயே வாயுவில் மோதி எலக்ட்ரான் உரிந்துபோன அயனி, அந்த இடத்தில் என்ன வேகமோ அதே வேகத்தோடு நடுநிலையாக வெளியே வரும். முழு வேகம் கிடையாது. எனவே அதன் ஒளி குறைவாகவே பெயரும். முதல் இடைவெளியில் உரிந்தவை ஏறக்குறைய சுழியத்தில் தொடங்கி 9 கிலோ எலக்ட்ரான்வோல்ட் வரை இருக்கும். 9-க்கான இடம் 654.85. பெரும்பாலும் அங்கே ஒரு சின்னக் குன்று தெரியும். மூலத்தின் வாயு அழுத்தத்தைக் கூட்டினால் குன்று வளரும். ஐட்டருக்கு 0.3 பாஸ்கலுக்கு மேல் அழுத்தம் கூடாது என்பதற்கு இந்த இழப்பும் ஒரு காரணம்.

எவ்வளவு உரிந்தது என்று அறிய, குன்றின் பரப்பைப் பெரிய உச்சியின் பரப்பால் வகுத்தால் மட்டும் போதாது. 9 கிலோ எலக்ட்ரான்வோல்ட் அணு மோதும்போது சிவப்பு ஒளி விடும் வாய்ப்பும் 50-இல் உள்ள வாய்ப்பும் வேறு. முழு வேகத்தில் வருவதில் இன்னும் எலக்ட்ரான் கழலாத அயனிகளும் கலந்திருக்கும், அவற்றின் வாய்ப்பு இன்னொன்று. அந்த விகிதங்களால் திருத்த வேண்டும். எந்த மதிப்புகளைப் பயன்படுத்தினீர்கள் என்பதை விடைக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள்.

விரிவைக் கணக்கிடும்போது இந்த மேடு குறுக்கே வரும். பெரிய உச்சியின் சிவப்புப் பக்கத்துக் கால், மேட்டின் மேல் நிற்கிறது. நான் உச்சியின் உயரத்தில் 30%-க்கு மேல் உள்ள பகுதியை மட்டும் எடுத்துப் பொருத்துவேன். அப்படியும் நீலப் பக்கக் கால் தனியாக நீண்டு கிடந்தால், அது கற்றையைச் சுற்றிய சிதறல் வட்டம். அதற்கு இன்னொரு அகலமான வளைவைச் சேர்க்க வேண்டும். நினைத்த விடை வருகிறவரை வளைவுகளைச் சேர்த்துக்கொண்டே போகக் கூடாது. நான்கு வளைவு போட்டால் கணினி எதற்கும் பொருந்திக் காட்டும்.

வர்க்கமாகக் கழிப்பதிலும் ஒரு குறை உண்டு. எல்லாப் பங்குகளும் மணி வடிவத்தில் இருந்தால்தான் அது சரி. அகலத் திறந்த ஸ்லிட்டின் வடிவம் பெட்டி மாதிரி, லென்ஸ் வட்டத்தின் வடிவம் பாதி முட்டை மாதிரி. முதல் கணக்குக்கு வர்க்கம் போதும். இறுதி விடைக்கு, அளந்த நியான் வடிவத்தையே எடுத்து, கணித்த கற்றை வடிவத்தோடு சுருட்டிச் சேர்த்து (கன்வல்யூஷன்), அதை அளந்த உச்சியோடு ஒப்பிடுங்கள். பத்து வரி நிரல்தான்.

எழுதி வைப்பது

ஒவ்வொரு படத்தோடும் இவை இருக்க வேண்டும்: இரண்டு மின்னழுத்தங்கள், மூல அழுத்தம், ஸ்லிட் அகலம், கிரேட்டிங், ஐரிஸ் விட்டம், ஃபைபரிலிருந்து லென்ஸுக்கு உள்ள தூரம், கடைசியாக நியான் எடுத்த நாள். ஃபைல் பெயரில் முடிந்தவரை, மீதி நோட்டில். எதையாவது தொட்டால், தொட்ட உடனே.

மூன்றாம் நாள் சாயந்திரம் அவள் திரும்பக் கணக்குப் போட்டாள். இந்தத் தடவை 10.6 என்று சும்மா சொல்லவில்லை. நோட்டை என் பக்கம் திருப்பிக் காட்டினாள்: "10.6 மில்லிரேடியன். லென்ஸ் 25, ஐரிஸ் இல்லை, பிம்பக் குவிப்பு. கருவி அகலம் 0.060, நியான் 653.29." கீழே பென்சிலில், "ஸ்லிட் 50? அத்தையிடம் கேட்க."

50தான். புளிக் கை என்பதால் பேனா பிடிக்க முடியவில்லை, அவளையே எழுதிக்கொள்ளச் சொன்னேன்.